சனிக்கிழமைகளில் மட்டும் வலிப்பு

19 செப்டம்பர் 1957, வியாழன்

காலையிலிருந்து தூறல். காஜா பெராங் தெரு முழுக்கச் சேறு. போன மாதம் மெர்டேக்காவுக்கு, சுதந்திர நாளுக்கு, கட்டிய காகிதக் கொடிகளை இன்னும் யாரும் கழற்றவில்லை. சாயம் ஒழுகி, கிளினிக் வாசல் சுவரெல்லாம் சிவப்புக் கோடு.

சனிக்கிழமை வகுப்புக்கு வேண்டியவை: பழைய வேட்டியைக் கிழித்த கட்டுத்துணி (கொதிக்க வைத்து உலர்த்தியாயிற்று), ஊக்கு, கத்தரிக்கோல், பால்மாவு டின், கோப்பைகள், பொம்மை. பொம்மைக்கு ஒரு கை இல்லை. பரவாயில்லை, இந்த வகுப்புக்கு அதுதான் பொருத்தம்.

வீட்டில் சின்னப் பிள்ளைகளுக்கு அடிபட்டால், சுட்டுக்கொண்டால் தாய்மார் என்ன செய்ய வேண்டும் என்று சொல்லிக் கொடுக்கப் போகிறேன். தமிழ்ப் பள்ளியில் ஒரு வகுப்பறை, சனிக்கிழமை மாலை. "இவங்கல்லாம் வருவாங்களா?" என்று மாதர் சங்கத் தலைவி கேட்டார். பிள்ளைகளுக்கு ஒரு கோப்பை பால் சும்மா கொடுத்தால் வருவார்கள் என்றேன். முகத்தைச் சுளித்துக்கொண்டே சம்மதித்தார். அந்த அம்மாள் மேல் எனக்கு நம்பிக்கை இல்லை. நன்றாக நடந்தால் பத்திரிகையில் படம் அவருக்கு, கெட்டுப்போனால் பழி நர்ஸுக்கு.

வீ.அ. மறுபடியும் என் அறைக்குள் வந்து போயிருக்கிறாள். (வீட்டுக்காரம்மா. இனி இப்படித்தான் எழுதப் போகிறேன், அவள் இதைப் படிக்கிறாள் என்று சந்தேகம்.) தலையணை இடம் மாறியிருக்கிறது. பவுடர் டப்பாவின் மூடி கோணல். கேட்டால் பூனை என்பாள். இந்த வீட்டில் பூனை கிடையாது.

21 செப்டம்பர், சனி

நல்ல வெயில். புரட்டாசி முதல் சனி. பாதிப் பேர் தலைக்குக் குளித்த ஈரக் கூந்தலோடு, விரதச் சோர்வோடு வந்தார்கள். ஆனாலும் வகுப்பறை நிறைந்துவிட்டது. பால்தான் காரணம், மிஸி இல்லை (நர்ஸுக்கு இங்கே அதுதான் பெயர்).

இன்றைக்குத் தீக்காயம். தீப்பட்ட இடத்தில் என்ன பூசுவீர்கள் என்று கேட்டேன். சோயா சாஸ். வாழைக் குருத்து. முட்டை வெள்ளை. பல்பொடி.

"பேனா மை பூசினா எரியாது மிஸி."

"யார் சொன்னது?"

"எங்க வூட்டுக்காரருதான். அவரு ஆபீசுல கிராணி வேல, வூட்ல மை நெறைய கெடக்கு லா."

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டேன். பச்சைத் தண்ணீரை ஊற்று, சுத்தத் துணியால் மூடு, எதையும் பூசாதே, ஆஸ்பத்திரிக்குத் தூக்கு. கிளிப்பிள்ளை மாதிரி திருப்பிச் சொன்னார்கள். வீட்டில் போய் மையைத்தான் தேடுவார்கள் என்று நினைக்கிறேன்.

மண்ணெண்ணெயை ஆரஞ்சுத் தண்ணி போத்தலில் ஊற்றி வைப்பவர்கள் கை தூக்குங்கள் என்றேன். ஒரு கையும் எழவில்லை. ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். எல்லார் வீட்டிலும் இருக்கிறது.

முன்வரிசையில் பாக்கியம் என்று ஒருத்தி. சின்னப் பெண். புருஷன் வேலு, தண்ணீர்க் குழாய் பதிக்கும் வேலை. மடியில் நாதன், மூன்று வயது நிறையவில்லை. கொழுகொழுவென்று, வாயெல்லாம் சிரிப்பு, என் கைக்கடிகாரத்தைப் பிடித்து இழுத்தபடி இருந்தான். அவள்தான் அதிகம் கேள்வி கேட்டாள். இத்தனை கேட்கிறவள் வீட்டில் ஏற்கெனவே ஏதோ நடந்திருக்கும் என்று தோன்றியது.

பள்ளி கேட்டுக்கு வெளியே பிபிக் தெய்வானை கூடையோடு (வயதான பெண்களை அவர்கள் பிபிக் என்பார்கள்). செட்டிக் கம்போங்காரி, பல தலைமுறைக்கு முன்னால் இங்கே வந்து தங்கிவிட்ட செட்டிமார் கிராமம். மலாய்ப் பெண்கள் மாதிரி கெபாயாச் சட்டையும் சாரோங்கும், நெற்றியில் பொட்டு. கும்பிடுவது நம் சாமிதான், ஆனால் தமிழ் வராது, மலாய்தான். விற்பது ஒண்டே ஒண்டே: பச்சை உருண்டை, கடித்தால் உள்ளேயிருந்து வெல்லப்பாகு. சின்னப் பிள்ளை தொண்டையில் சிக்க இதைவிடத் தோதான பண்டம் கிடையாது. முதலுதவி வகுப்பு வாசலிலேயே விற்கிறாள். அந்தப் பச்சைச் சாயமும் என்ன சாயமோ.

22 செப்டம்பர், ஞாயிறு

காலையிலேயே வாசலில் பாக்கியம், தோளில் நாதன். வீ.அ. கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

நேற்று விளக்கு வைத்த பிறகு பிள்ளைக்கு வலிப்பாம்.

"கையி காலு வெட்டி வெட்டி இழுத்துச்சு மிஸி. கண்ணு மேல போயிருச்சு. நான் செத்துட்டேன் மிஸி."

"உடம்பு சுட்டதா?"

"இல்ல. சில்லுனு இருந்துச்சு."

காய்ச்சல் இல்லாமல் இந்த வயதில் வலிப்பா? எனக்கு அது பிடிக்கவில்லை. கையில் இரும்புச் சாவி கொடுத்தார்களாம், வெங்காயம் முகர வைத்தார்களாம், சூடம் சுற்றிப் போட்டார்களாம், தேங்காய் எண்ணெயில் சூடம் காய்ச்சி நெஞ்சில் தேய்த்தார்களாம். பிள்ளையை வாங்கி முகர்ந்தேன். தலை முதல் கால் வரை சூட வாசம், வாயிலும்கூட. அந்த வீட்டில் வேறென்ன வாசம் வரும்?

என்ன சாப்பிட்டான் என்று ஒவ்வொன்றாகக் கேட்டேன். விரதம், மத்தியானம் வரை வெறும் வயிறு. வகுப்பில் பால். பிபிக் காசு வாங்காமல் கொடுத்த ஒண்டே ஒண்டே ஒன்று. ராத்திரி இரண்டு வாய் சோறு. அவ்வளவுதானா? அவ்வளவுதான்.

காசு வாங்காமல் ஏன் கொடுக்கிறாள்?

மறுபடி இழுத்தால் பக்கவாட்டில் திருப்பிப் படுக்க வை, வாயில் எதையும் திணிக்காதே, கையைக் காலை அமுக்கிப் பிடிக்காதே என்று செய்து காட்டினேன். கவனமாகப் பார்த்தாள். இன்றே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போ என்றேன். "அவர கேக்கணும் மிஸி" என்று போய்விட்டாள்.

25 செப்டம்பர், புதன்

மழை. கிளினிக்கில் வயிற்றுப்போக்குப் பிள்ளைகள் மட்டும். பால்காரன் பாலில் மறுபடி தண்ணீர். மழைத் தண்ணீர் என்கிறான், மழை என்னவோ டின்னைத் தேடிப் போய் விழுந்தது போல.

இருட்டிய பிறகு வேலு வீட்டுக்குப் போனேன். ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை. பிள்ளை நன்றாக விளையாடுகிறானே என்கிறார்கள். ஒற்றை அறை, மண்ணெண்ணெய் அடுப்பு தரையில், சுவரோரம் பெருமாள் படமும் பித்தளைச் சொம்பும். சுத்தமான வீடு. அதிலும் எனக்கு ஒரு சந்தேகம்.

வேலு மரியாதைக்காரன். "ஒக்காருங்க மிஸி, காப்பி குடிங்க மிஸி." அளவுக்கு மிஞ்சிய மரியாதை. நாதன் பிறக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டானாம், பிறந்தால் பிள்ளையை ஊருக்குக் கொண்டு போய்ப் பெருமாள் மலையில் மொட்டை போடுவதாக. கப்பலுக்கு வழியில்லை. அதற்குப் பதிலாகப் புரட்டாசிச் சனிக்கிழமைகளைத் தவறாமல் பிடிக்கிறான். "சாமிக்குக் கொற வெச்சிட்டேன் மிஸி, அதான் புள்ளைய புடிச்சி ஆட்டுது" என்றான்.

நாதனின் மேல் கையில் நீலத் தடம், விரல் விரலாக. இது என்ன என்றேன். வலிப்பு வந்தபோது அமுக்கிப் பிடித்ததாம். இருக்கலாம். பாக்கியம் அதைச் சொல்லும்போது புருஷன் முகத்தைப் பார்த்தாள். இதே கிளினிக்கில் கீழே விழுந்தான் என்று சொல்லித் தூக்கி வந்த பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். எல்லாரும் கீழே விழுந்தவர்கள் இல்லை.

நாதன் அப்பன் தோளை விட்டு இறங்கவே மாட்டேன் என்கிறான். அடிக்கிற அப்பன் தோளில் பிள்ளை இப்படி ஒட்டுமா? ஒட்டுகிற பிள்ளைகளும் உண்டு.

28 செப்டம்பர், சனி

இரண்டாவது வகுப்பு. மூக்கிலும் காதிலும் தொண்டையிலும் போனவை. ஒருத்தியின் மகன் புளியங்கொட்டையை மூக்கில் வைத்து ஒரு வாரம் யாருக்கும் தெரியவில்லையாம். "நாத்தம் வந்தப்பதான் தெரிஞ்சுச்சு மிஸி, மொளச்சிருக்கும்." நன்றாக நடந்த வகுப்பு. நாள் எப்படி முடிந்தது என்பதையும் எழுத வேண்டும்.

விளக்கு வைத்துக் கொஞ்ச நேரத்தில் பக்கத்து வீட்டுக்காரி ஓடி வந்தாள். நாதனுக்கு மறுபடி வலிப்பு. இந்த முறை விட்டு விட்டு இரண்டு தரம். நான் போவதற்குள் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போயிருந்தார்கள். டிரைஷா பிடித்துப் போனேன்.

பிள்ளை துவண்டு கிடக்கிறான். காய்ச்சல் இல்லை. டாக்டர் என்னென்ன சாப்பிட்டான், குடித்தான் என்று கேட்கிறார், நான் தமிழில் கேட்கிறேன், பாக்கியம் அழுதுகொண்டே சொல்கிறாள். பால். ஒண்டே ஒண்டே. சோறு. வலிப்பு நோயாக இருக்கலாம் என்று மாத்திரை எழுதினார். சனிக்கிழமை மட்டும் வரும் வலிப்பு நோயா என்று கேட்டேன். என்னை ஒரு பார்வை பார்த்தார். இரண்டு முறை நடந்ததை வைத்து எதுவும் சொல்ல முடியாதாம்.

வராந்தாவில் வேலு. இன்று மரியாதை இல்லை.

"ஒங்க பால குடிச்ச அன்னிக்குத்தான் மிஸி இழுக்குது. ரெண்டு சனியும் ஒங்க பாலு. வேற நாள்ல எம்புள்ள நல்லாத்தான இருக்கான்?"

நாலு பேர் கூடிவிட்டார்கள். அத்தனை பிள்ளைகளும் அதே பாலைத்தான் குடித்தார்கள் என்றேன். யாரும் கேட்கவில்லை. அவமானமாக இருந்தது. நடந்தே வீட்டுக்கு வந்தேன்.

30 செப்டம்பர், திங்கள்

பேச்சு பரவிவிட்டது. வெள்ளைக்காரன் மிச்சம் வைத்துவிட்டுப் போன பால்மாவாம், கெட்டதாம், தமிழ்ப் பிள்ளைகளுக்கு மட்டும் கொடுக்கிறார்களாம். குழாயடியில் நான் போனதும் பேச்சு நிற்கிறது. வீ.அ. சர்க்கரை போட்ட குரலில், "நீங்களும் அந்தப் பாலத்தான் குடிக்கிறீங்களா?" என்று கேட்டாள்.

ஆமாம், குடிக்கிறேன். அந்த டின்னிலேயே கரைத்துக் காலையில் இரண்டு கோப்பை குடித்தேன். ஒன்றும் ஆகவில்லை.

அப்படியென்றால் ஒண்டே ஒண்டே. மாலை செட்டிக் கம்போங் போனேன். பிபிக் தெய்வானை அடுப்படியில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். என்ன மாவு, என்ன சாயம், அந்தப் பிள்ளைக்கு மட்டும் ஏன் சும்மா கொடுக்கிறாய் என்று எனக்குத் தெரிந்த மலாயில் கேட்டேன். போலீஸ்காரன் மாதிரிதான் கேட்டேன் போல. அவள் முகம் இறுகிவிட்டது. பாண்டான் இலையைக் கசக்கிச் சாறு பிழிந்து காட்டினாள். அதுதான் சாயம். ஓர் உருண்டையை எடுத்துத் தன் வாயில் போட்டாள், இன்னொன்றையும் போட்டாள், நான் பார்க்கப் பார்க்க மென்று விழுங்கினாள்.

"பூக்கான் சாயா, மிஸி." நான் இல்லை மிஸி.

சும்மா கொடுப்பது ஏனென்றால் அந்தப் பிள்ளை அழகாகச் சிரிக்கிறானாம். வேறு காரணம் இல்லையாம். நம்பலாமா? திரும்பி வரும் வழியெல்லாம் பாதி நம்பினேன், பாதி நம்பவில்லை.

2 அக்டோபர், புதன்

வெயில், புழுக்கம்.

மாதர் சங்கத் தலைவி கிளினிக்குக்கே வந்தார். வகுப்பைக் "கொஞ்ச நாளுக்கு" நிறுத்தி வைப்போம் என்றார். உங்களுக்காகத்தான் சொல்கிறேன் என்றார். அவர் கார் போன பிறகு பின்கட்டில் போய் அழுதேன். துக்கத்தில் இல்லை, ஆத்திரத்தில்.

மத்தியானம் இன்னொரு செய்தி. பிபிக் தெய்வானையின் கூடையைச் சந்தைக்குப் போகும் வழியில் யாரோ எட்டி உதைத்துக் கவிழ்த்துவிட்டார்களாம். உருண்டையெல்லாம் சாக்கடையில். யார் என்று கேட்டால் ஒருவருக்கும் தெரியவில்லை. நான் அவளிடம் போய் விசாரித்தது தெருவுக்கெல்லாம் தெரிந்திருக்கிறது. பாலை விட்டுவிட்டார்கள், உருண்டையைப் பிடித்துக்கொண்டார்கள். பாலைப் பேசாமல் இருக்கிறார்களே என்று ஒரு நிமிடம் நிம்மதி வந்தது. அப்புறம் அந்த நிம்மதி எனக்கே பிடிக்கவில்லை.

பாலும் இல்லை, உருண்டையும் இல்லை என்றால், வீட்டுக்குள்தான். பாக்கியமா? வேலுவா? சனிக்கிழமை அவன் அரை நாள் வேலை முடிந்து மத்தியானமே வீட்டில் இருப்பான். மற்ற நாளில் விளக்கு வைத்த பிறகுதான் வருவான். எனக்கு அந்த நீலத் தடம் ஞாபகம் வந்துகொண்டே இருக்கிறது.

இன்னொரு வலிப்பை அந்தப் பிள்ளை தாங்குவானா? முதல் தரம் ஒன்று, அடுத்த தரம் இரண்டு. மூன்றாவது சனி வருகிறது. பயமாக இருக்கிறது.

வகுப்பு இல்லை என்றாகிவிட்டது. சனிக்கிழமை முழுக்க வேலு வீட்டில் போய் உட்காரப் போகிறேன். விரட்டினால் வாசலில் உட்காருவேன்.

5 அக்டோபர், சனி

படுக்கும் முன் எல்லாவற்றையும் எழுதிவிட வேண்டும்.

மத்தியானமே போய்விட்டேன். வேலு வேண்டாம் என்று சொல்லவில்லை, வா என்றும் சொல்லவில்லை. பாக்கியம் பாய் போட்டாள். பால் இல்லை, உருண்டை இல்லை, வெளியிலிருந்து ஒரு பண்டம் உள்ளே வரவில்லை. பாக்கியம் எதைத் தொட்டாலும் பார்த்தேன். வேலு பிள்ளையைத் தூக்கினால் அவன் விரல்களைப் பார்த்தேன். அடுப்பைப் பார்த்தேன், போத்தல்களை முகர்ந்தேன், பாய்க்கு அடியில்கூடப் பார்த்தேன். பாக்கியத்துக்கு அழுகை வந்துவிட்டது. "நாங்க என்னா மிஸி பண்ணிட்டோம்?" பாயை மறுபடி விரித்து உட்கார்ந்தேன்.

நாதன் நன்றாக இருந்தான். என் மடியில் ஏறிக் கடிகாரத்தைப் பிடுங்கினான்.

விளக்கு வைத்ததும் பூசை தொடங்கியது. வேலு குளித்து நாமம் போட்டு, துளசி மாலை சாத்தி, நன்றாகவே பாடினான். அக்கம்பக்கத்தில் இரண்டு மூன்று பேர். சூடம் காட்டினான், கண்ணில் ஒற்றிக்கொண்டோம். பிறகு தீர்த்தம். சின்ன டம்ளரில் ஊற்றி முதலில் நாதன் கையில் கொடுத்தான். மற்றவர்களுக்கு உத்தரணியால். நானும் கை நீட்டினேன். சாமி தீர்த்தம், யார்தான் நீட்ட மாட்டார்கள்? கண்ணில் ஒற்றிக் குடித்தேன்.

கசப்பு. தொண்டை எரிந்தது, அப்புறம் சில்லென்று மூக்கில் ஏறியது. கோயிலில் வாசனை மட்டும்தான் இருக்கும். இது வேறு. உள்ளங்கையைப் பார்த்தேன். துளசி இலையோடு வெள்ளை வெள்ளையாகப் பொடி ஒட்டியிருந்தது.

திரும்பினேன். நாதன் இரண்டு கையாலும் டம்ளரைப் பிடித்து, கண்ணை மூடி, சொன்ன சொல் கேட்கிற பிள்ளையாகக் குடித்துக்கொண்டிருந்தான். பாதிக்கு மேல் போய்விட்டது. பாய்ந்து தட்டிவிட்டேன். டம்ளர் பெருமாள் படத்துக்கு முன்னால் போய் விழுந்தது.

எல்லாரும் எழுந்துவிட்டார்கள். "தீர்த்தத்த தட்டி விடுறா!" என்று ஒரு குரல். வேலு கையை ஓங்கிவிட்டான்.

"இதில் என்ன போட்டாய்?" என்று கத்தினேன்.

"கற்பூரம் மிஸி! கற்பூரம், ஏலக்கா, தொளசி! சாமிக்குப் போடுறதுதான்!"

"எந்தக் கற்பூரம்?"

மாடத்தைக் காட்டினான். ஏற்றுகிற சூடம். கட்டி கட்டியாக, பொட்டலத்தில். ஊரில் அவன் அப்பா தீர்த்தத்தில் பச்சைக் கற்பூரம் போடுவாராம். இங்கே கடையில் கேட்டானாம், சரக்கு கப்பலில் வந்தால்தான் என்றார்களாம். "ரெண்டும் கற்பூரந்தான மிஸி? இதத்தான சாமி முன்னால ஏத்துறோம்?" கற்கண்டோடு சேர்த்து இடித்துப் போட்டிருக்கிறான், கசப்பு தெரியக்கூடாது என்று.

பச்சைக் கற்பூரம் ஒரு சிட்டிகை தின்பது. சூடம் கொளுத்துவது. பெரியவர்கள் ஓர் உத்தரணி குடித்தால் தொண்டை எரிச்சலோடு போய்விடும். விரத நாளில் அரை வயிற்றோடு ஒரு சின்னப் பிள்ளை டம்ளர் நிறையக் குடித்தால்?

ஒருத்தி உப்புத் தண்ணீர் கரைத்து ஓடி வந்தாள், வாந்தி எடுக்க வைக்க. வேண்டாம் என்று தள்ளினேன். வாந்தியும் வலிப்பும் சேர்ந்து வந்தால் மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். எதிர் வீட்டு டாக்சிக்காரர் வண்டியை எடுத்தார். பாதி வழியில் வலிப்பு வந்துவிட்டது. நான் கை நீட்டுவதற்குள் பாக்கியம் பிள்ளையைப் பக்கவாட்டில் திருப்பியிருந்தாள். வாயில் எதையும் வைக்கவில்லை, கையை அமுக்கவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு, சொல்லிக் கொடுத்த மாதிரியே. முன் சீட்டில் வேலு திரும்பிப் பார்த்தபடி இருந்தான். முகத்தில் இன்னும் அந்த நாமம்.

6 அக்டோபர், ஞாயிறு

பிழைத்துக்கொண்டான். காலையில் கண் திறந்து கஞ்சி கேட்டானாம்.

டாக்டர் தலையில் கை வைத்துக்கொண்டார். சூடம் விஷம், பிள்ளைகளுக்கு வலிப்பு வரும், புத்தகத்திலேயே இருக்கிறது, கேட்டேனே, ஒருவரும் சொல்லவில்லையே என்றார். நானும்தான் கேட்டேன். என்ன சாப்பிட்டான், என்ன குடித்தான் என்று இரண்டு பேரும் கேட்டோம். தீர்த்தத்தைக் குடித்தான் என்று யார் சொல்வார்கள்? என்னிடம் கேட்டிருந்தால் நானும் சொல்லியிருக்க மாட்டேன். வாயில் சூட வாசம் வேறு, முகர்ந்தும் விட்டுவிட்டேன்.

ஒன்று மட்டும் எனக்குப் புரியாமல் இருந்தது. போன வாரம் ஏன் வலிப்பு அதிகம்? வராந்தாவில் வேலுவிடம் கேட்டேன். சுவரைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

"மொத சனி கொஞ்சந்தான் மிஸி கொடுத்தேன். அன்னிக்கு இழுத்துச்சு. சாமி கோவம்னு நெனச்சேன். அதான் அடுத்த சனி கூட இடிச்சுப் போட்டேன். நேத்து இன்னும் கூட. நல்லாவணும்னு."

துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு பிள்ளையிடம் போய்விட்டான். இவனையா நான் விரல் விரலாகப் பார்த்தேன்?

9 அக்டோபர், புதன்

மழை விட்டு விட்டு. வீ.அ. என்னைப் பார்த்து "அப்பவே நெனச்சேன்" என்கிறாள். என்ன நினைத்தாளாம்?

செட்டிக் கம்போங் போனேன். பிபிக் தெய்வானை உள்ளே வா என்று சொல்லவில்லை. பிள்ளை எப்படி இருக்கிறான் என்று மட்டும் கேட்டாள். நடந்ததைச் சொன்னேன், மன்னிப்புக் கேட்டேன். தலையை ஆட்டினாள். இனி பள்ளிக்கூட வாசலுக்கு வரமாட்டாளாம், வேறு தெருவில் விற்கிறாளாம். எழுந்து வரும்போது இலையில் சுற்றி நாலு உருண்டை கொடுத்தாள். காசு நீட்டினேன். வாங்கிக்கொண்டாள், சில்லறையும் கொடுத்தாள்.

வேலு அவளிடம் வந்து, கூடைக்காக மன்னிக்கச் சொல்லி வாசலிலேயே காலில் விழுந்தானாம். அதைச் சொல்லும்போதுதான் அவள் குரல் கொஞ்சம் இளகியது.

12 அக்டோபர், சனி

மறுபடி வகுப்பு. மாதர் சங்கத் தலைவி, ஆரம்பத்திலிருந்தே ஆதரித்தவர் போல, முன் நாற்காலியில். வந்த தாய்மார் போன முறை வந்தவர்களில் பாதிதான். பின்வரிசையில் முணுமுணுப்பு காதில் விழுந்தது. "தீர்த்தத்த தட்டுன கையி." பால் ஊற்றினேன், சிலர் பிள்ளைகளை இழுத்துப் பிடித்துக்கொண்டார்கள். சூடத்தை எட்டாத உயரத்தில் வை, மருந்து மாதிரிப் பூட்டி வை, வாய்க்குள் போகவே கூடாது என்று சொன்னேன். பிள்ளைக்குக் கொடுத்த எல்லாவற்றையும் சொல்லுங்கள், சாமிக்குப் படைத்ததையும் சேர்த்துச் சொல்லுங்கள் என்றேன். கிளிப்பிள்ளை மாதிரி யாரும் திருப்பிச் சொல்லவில்லை. வீட்டில் போய்ச் செய்வார்களா? தெரியவில்லை.

நாலாவது சனி. பூசைக்கு வரச் சொல்லிப் பாக்கியம் கூப்பிட்டாள். போனேன். சொம்பை முகர்ந்து பார்த்தேன், யாரும் பார்க்காதபோது. துளசியும் தண்ணீரும் மட்டும்.

வேலு இளைத்துவிட்டான். பாடினான், சூடம் காட்டினான், தட்டைக் கீழே வைத்தான். தீர்த்தம் கொடுக்கச் சொல்லிப் பாக்கியத்திடம் சொம்பைத் தள்ளிவிட்டான். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நாள் முதல் பிள்ளைக்குச் சோறு ஊட்டுவதில்லையாம், தண்ணீர்கூடக் கொடுப்பதில்லையாம். பாக்கியம் என் காதில் சொன்னாள்.

அவள் நாதன் வாயருகே உத்தரணியைக் கொண்டுபோனாள். நாதன் அதை ஒதுக்கிவிட்டு அப்பன் முன்னால் போய் நின்றான். தலையை நிமிர்த்தி, கண்ணை இறுக்கி மூடி, வாயைத் திறந்தான்.

வேலு இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டான். பிள்ளை வாயை மூடவில்லை.